தெற்கே சாய்ந்த வீட்டில் பால் காய்ச்சியது

அந்த வீட்டை முதன்முதலில் பார்த்தபோது, இரவு ஷிப்ட் முடித்து வந்து ரெயிலில் பக்கத்து ஆளின் தோளில் நித்திரையாகிவிட்ட ஒருவரைத்தான் நினைத்தேன். கறுத்த மரச்சட்டங்கள், அவற்றுக்கு இடையில் வெள்ளைச் சாந்து, கீழ்த்தளத்தைவிட வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் மேல்மாடி. எல்லாம் ஒன்றாகத் தெற்கே சரிந்து, அடுத்திருந்த செங்கல் கட்டடத்தில் சாய்ந்து நின்றன. லண்டனில் ரெய்னர்ஸ் லேனிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம்தான். சில நூறு வருடங்களாக அது அப்படித்தான் நிற்கிறதாம்.

"அண்ணை, ஆரும் பலமாத் தும்மினா என்ன நடக்கும்?" என்று கேட்டேன்.

"நீ வாயை மூடினியெண்டா இன்னும் கனகாலம் நிக்கும்" என்றார்.

அண்ணை என் உறவுக்காரர் அல்ல. ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஏ லெவல் படிப்பை அரைவாசியில் விட்ட பிறகு நான் அவரோடுதான் கடைகளுக்குச் சாமான் அடுக்கும் தட்டும் மேசையும் பொருத்தும் வேலை செய்தேன். இந்த முறை கடை அவருடையதே. அந்த வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்திருந்தார். ரோல்ஸ், வடை, தேத்தண்ணி விற்கப் போகிறார். சமையல் அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர்.

பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பாகக் கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்து போவார். பெரிய கோட்டு, கழுத்தில் நீலச் சால்வை. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது, எதையும் நிமிர்த்தக் கூடாது என்பார். சுவரில் இருந்த ஒரு விரிசல் அகலுகிறதா என்று அறிய, அதற்குக் குறுக்கே கோடு போட்ட கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, வரும்போதெல்லாம் நோயாளியின் காய்ச்சலைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். நாங்கள் தட்டுகளைச் சுவரைத் தொடாமல் தம் காலிலேயே நிற்கும்படி செய்தோம். குமிழி பார்க்கும் நீர்மட்டக் கோலை வைத்து நேராக நிறுத்திய தட்டுத்தான் அந்த அறையில் கோணலாகத் தெரிந்தது. குடிவெறிகாரரின் வீட்டில் குடிக்காத ஒருவன் மாட்டிக்கொண்டதுபோல.

பிரச்சினை பாலில் வந்தது. புது இடத்தில் பால் காய்ச்சும்போது அது கிழக்கிலோ வடக்கிலோ பொங்கி வழிய வேண்டும். தெற்கு கூடாது. அண்ணையின் முந்தைய கடையில் பால் தெற்கே வழிந்தது. கடையும் வருடம் முடியுமுன் மூடப்பட்டது. அதற்குப் பக்கத்தில் பெரிய சூப்பர்மார்க்கெட் திறந்ததுதான் காரணம் என்று அண்ணை சொல்வார். அக்கா பால்தான் என்பார்.

"தெற்காலை ஊத்தினா நான் உந்தக் கடைக்குச் சமைக்க வரமாட்டன். நீங்களே நிண்டு ரோல்ஸ் சுத்துங்கோ" என்று சொல்லிவிட்டார்.

அண்ணை சுற்றிய ரோல்ஸை நான் ஒருமுறை சாப்பிட்டிருக்கிறேன். அவருடைய கதி எனக்கு நன்றாக விளங்கியது.

பால் காய்ச்சும் நாள் காலையில் நானும் அண்ணையும் முன்னரே போனோம். பூசைக்கு வாங்கிய தேசிக்காய் ஒன்றை எடுத்து நிலத்தில் விட்டேன். அது யோசிக்காமல் தெற்குச் சுவருக்கு ஓடியது. வேறு மூலையிலிருந்து விட்டேன். அங்கேயும் அதே ஓட்டம். எனக்கு விளையாட்டாகிவிட்டது. விரிசலைப் பார்க்க வந்த கவுன்சில் பெண்ணும் குனிந்து ஒன்றை உருட்டிவிட்டுச் சிரித்தார். அண்ணைக்கு மட்டும் வியர்த்தது.

"தம்பி, மின்னடுப்புக்குக் கீழை ஒரு ஆப்பு வை. தெற்குப் பக்கம் நல்லா உயர வேணும். அக்கா காணக்கூடாது."

வைத்தேன். அடுப்பு வடக்கைப் பார்த்துக் கும்பிடுவதுபோல் நின்றது.

அக்கா சேலையும் மேலே குளிர்க்கோட்டுமாக, பானையோடு வலதுகாலை வைத்து உள்ளே வந்தார். அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். குனிந்து ஆப்பை உருவி எடுத்துவிட்டார்.

"ஆற்றை யோசனை உது?"

"அண்ணையின்ரை" என்றேன் உடனேயே.

"சாமியை ஏமாத்தப் பாக்கிறியளோ? வெக்கமில்லை?"

அண்ணை விரிசலைப் பார்க்கத் தொடங்கினார். கவுன்சில் பெண்ணே அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

அக்கா பாலை ஊற்றி, கற்பூரத்துக்குப் பதில் ஊதுவத்தியைக் காட்டி, கண்ணை மூடினார். பால் பொங்கியது. பானையின் தெற்கு விளிம்பால் கொட்டி, நிலப்பலகையில் கோடாக ஓடி, சுவரின் அடிமரத்தை நோக்கிப் போனது.

அண்ணை அவசரமாக அடுப்பை நிறுத்தினார்.

நிலத்துக்கு முதலில் பாய்ந்தது கவுன்சில் பெண்தான். "மரம்! மரம்!" என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு நல்ல கோட்டோடு முழங்காலில் விழுந்து, கழுத்துச் சால்வையை உருவிப் பாலை மறித்துத் துடைத்தார். அடிமரத்துக்குள் ஈரம் போனால் உக்கிவிடும் என்றார். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் கீழே குந்தி, தன் துவாயால் மற்றப் பக்கம் துடைத்தார்.

"தம்பி, கேள் இவவை. இந்த வீடு ஏன் சரிஞ்சது?"

கேட்டேன். அந்தப் பெண் நிலத்தில் இருந்தபடியே சொன்னார். நான் மாற்றிச் சொன்னேன். தெற்குப் பக்கத்துத் தூண் ஒன்றின் அடி எப்போதோ ஈரத்தில் உக்கி அமர்ந்துவிட்டது. மற்ற மரங்கள் எல்லாம் ஆணியில்லாமல் மரமுளைகளால் பூட்டியவை. அதனால் ஒன்று இறங்க, முறியாமல் எல்லாம் சேர்ந்து சரிந்து, அப்படியே இறுகிப்போய் நிற்கின்றன. இப்போது நிமிர்த்தப் போனால்தான் பூட்டுகள் உடையும்.

"கூட்டுக் குடும்பம் மாதிரி அக்கா. ஒராள் விழ, எல்லாரும் சேந்து சரிஞ்சிட்டினம்."

"நீ சும்மா இரு." அக்கா துவாயைப் பிழிந்தார். "அப்ப கால் உக்கித்தான் சரிஞ்சது."

"ஓம்."

"பால் தானா தெற்காலை போகேல்லை. நிலம் இழுத்துக்கொண்டு போனது."

அண்ணையின் தலை மெல்ல நிமிர்ந்தது.

"அந்த ஆப்பைக் கொண்டா" என்றார் அக்கா.

எனக்கு விட்டுவிட மனம் வரவில்லை. "இப்பத்தானே சாமியை ஏமாத்திறம் எண்டு பேசினியள்?"

"நீங்கள் வைச்ச ஆப்பு வடக்குக்கு வைச்சது. நான் கேக்கிறது நடுவுக்கு. நாலு பக்கமும் ஒரே மாதிரி வழியிருந்தாத்தானே அது தான் விரும்பின பக்கம் போகும்? நீர்மட்டத்தையும் கொண்டா."

ஆப்பைச் சீவினேன். அக்கா அதிகம் என்றார். இன்னும் சீவினேன். நீர்மட்டத்தை அப்படியும் இப்படியும் திருப்பி வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை அவரே பார்த்தார். கவுன்சில் பெண்ணுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் வாகனத்துக்கு ஓடிப்போய் ஒரு பெரிய தட்டத்தைக் கொண்டுவந்து அடுப்புக்குக் கீழே வைக்கச் சொன்னார். மட்டத்தைத் திரும்பப் பார்த்தோம். தேத்தண்ணிக்கு வைத்திருந்த பாலைப் பானையில் ஊற்றினோம்.

இந்த முறை அது எங்கே போகும் என்று உண்மையாகவே ஒருவருக்கும் தெரியாது. எனக்குச் சாமி விஷயத்தில் பெரிய பிடிப்பு இல்லை. ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால் விளிம்புவரை வந்து, சுற்றிவர ஒரு நுரைவளையமாக எழும்பி, எந்தப் பக்கமும் போக மனமில்லாததுபோல் கொஞ்சம் நின்றது. அண்ணை ஜெர்மன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு ஓரிடத்தில் உடைந்து, தெருக்கதவின் பக்கமாக வழிந்தது.

"கிழக்கு!" என்று அண்ணை கத்திய கத்தலில் கவுன்சில் பெண் திரும்பி விரிசலைப் பார்த்தார்.

அக்கா கத்தவில்லை. அடுப்பை நிறுத்தினார், குளிர்க்கோட்டைக் கழற்றி அண்ணையின் கையில் கொடுத்தார், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, நடுவில் இருந்த தடித்த கறுப்பு மரத்தைக் காட்டினார்.

"சாமிப்படம் அதிலை. ஒரு ஆணி அடி, தம்பி."

கவுன்சில் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அக்காவின் விரலும் நான் கருவிப்பெட்டியிலிருந்து எடுத்த சுத்தியலும் போதும். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மரத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

"என்னவாம்?"

"ஆணி ஏலாதாம், அக்கா."

"ஒரேயொரு ஆணி எண்டு சொல்லு."

சொன்னேன். ஒன்றும் ஏலாதாம்.

"நாள் முழுக்க இஞ்சை நிண்டு சமைக்கப்போறவள் நான். சாமி எங்கை இருக்கிறதாம்? கேள்!" என்றபடி அக்கா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அந்தப் பெண்ணுக்கு நேர் எதிரே வசதியாக அமர்ந்துகொண்டார்.