ஜாடிக்குள் விரல் தடம்

அருங்காட்சியகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. ஜெராக்ஸம்மா என்றால்தான் தெரியும். பழம்பொருளை ஸ்கேனரால் சுற்றிச் சுற்றி அளந்து, த்ரீ-டி பிரிண்டரில் நகலெடுத்து, வண்ணம் பூசித் தருவது அவள் வேலை. சும்மா சொல்லக்கூடாது, நகலுக்கு எடைகூடக் குறையக்கூடாது என்று அடியில் ஈயக்குண்டு வைத்து ஒட்டுகிற ரகம்.

பார்வையில்லாதவர்கள் தொட்டுப் பார்ப்பதற்கென்று புதிதாக ஓர் அறை திறக்க இருந்தார்கள். அங்கே வைக்கப்போகும் பழைய மண் ஜாடி ஒன்றின் நகலை முதலில் தொடத் தன் அக்காவைக் கூட்டி வந்தாள். அக்காவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. உடைந்துவிடும் என்று வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரைக்கூட அவள் கையில் கொடுத்ததில்லை. இந்த வயதிலும் அவளுக்குப் பிளாஸ்டிக்தான்.

அக்கா நின்றபடியே ஜாடியைத் தூக்கிக் கழுத்துக்குள் விரலை விட்டாள்.

"ஏண்டி, உள்ள யாரோ விரலால வழிச்ச மாதிரி வரிவரியா இருக்கே. இதெல்லாம்கூட உன் மிஷின் போடுமா?"

தங்கைக்குத் திக்கென்றது. போடாது. ஸ்கேனரின் வெளிச்சம் அந்தக் கழுத்தைத் தாண்டி இறங்காது. நகலின் உட்புறத்தைக் கம்ப்யூட்டரே வழவழவென்று நிரப்பிவிடும். காலையில் வண்ணம் ஒத்துப்போகிறதா என்று அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அங்கேதான் மாறியிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் நகல் இருக்கிறது. அக்கா கையில் ஆயிரம் வருஷத்து மண். கீழே கல் தரை. வேலை போனால் போகட்டும், இந்த ஜாடி போனால் உலகத்தில் வேறு கிடையாது.

"அக்கா, அசையாதே. அப்படியே என்கிட்ட குடுத்துடு."

அந்தக் குரலே காட்டிக்கொடுத்துவிட்டது. "நிஜ ஜாடியா இது?"

"ஆமா. நான்தான் மாத்தி வச்சுத் தொலைச்சுட்டேன். குடுக்கா."

அக்கா கொடுக்கவில்லை. "நான் வச்சிருந்தா மட்டும் உடைஞ்சிடுமா?"

பறிக்கப் போன கை பாதியில் நின்றது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, பயம் மட்டும் துளியும் குறையவில்லை. ஜாடிக்கு அடியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றாள். வராந்தாவில் இயக்குநரின் பேச்சுக் குரல் நெருங்கிக்கொண்டிருந்தது.

அக்கா அவசரப்படவில்லை. "இந்த விரல் என்னோடதைவிடச் சின்னது. பொம்பளைதான் செஞ்சிருக்கா" என்றாள். பிறகு விரலை மெல்ல வெளியே எடுத்தாள்.

"இந்தா, கெட்டியாப் பிடி. கை நடுங்குறது உனக்கு, எனக்கில்ல."