கீழே வைக்க முடியாத குவளை

ஐம்பதுகளில் சிங்காரப்பேட்டை சாலையோரம் ஒரு டீக்கடை இருந்தது. சேரி ஆட்களுக்கு அங்கே கண்ணாடி டம்ளர் கிடையாது. மண் குவளைதான். குடித்ததும் அவர்களே அதை உடைத்துப் போட வேண்டும். அந்தக் குவளைகள் எங்கள் சூளையில் வெந்தவை.

ஒரு மாங்காய்க் காலத்தில் கடைக்காரன் எங்கள் வாசலுக்கே வந்தான். "இனிமே அடி உருண்டையா இருக்கணும். தட்டையா இருக்கறதால கீழ வெச்சிட்டு மரத்தடியில குந்திக்கிறாங்க. ஊர்க்காரங்க எதிர்ல அவுங்க குந்தறதா? நின்னுக்கினே குடிச்சிட்டுப் போவட்டும்."

என் புருஷன் தலையாட்டினான். ஆட்டுவதற்கு என்ன, வேலை எனக்குத்தானே! சக்கரத்திலிருந்து நூலால் அறுத்தெடுத்தால் அடி தட்டையாகத்தான் வரும். உருண்டையாக்க வேண்டுமானால், ஈரம் கொஞ்சம் உலர்ந்தபின் உள்ளே கூழாங்கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்ட வேண்டும். எங்களில் தட்டுவது பெண்பிள்ளை வேலை.

"நான் தட்டமாட்டன்" என்றேன்.

"ரெண்டு தட்டு தட்டினா கை தேஞ்சிடுமா?"

"உன் கை தேயாதில்ல? நீயே தட்டு."

அவன் பலகையைத் தொடவில்லை. ஆம்பளை பலகை பிடித்தால் சாதிசனம் சிரிக்கும். ஒருத்தரை உட்காரவிடாமல் செய்ய வெட்கப்படாதவன், பலகை பிடிக்க வெட்கப்பட்டான்! தட்டாத குவளைகளே சூளைக்குப் போயின. சந்தை நாளன்று நானே கூடையைச் சுமந்துபோய்க் கடையில் இறக்கினேன்.

கடைக்காரன் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தான். முகம் கறுத்தது. தன் வீட்டுப் பேச்சான தெலுங்கில் ஏதோ திட்டினான். ஆனால் கடை நிறைய ஆள் நின்றது, வேறு குவளையும் இல்லை. ஊற்றத்தான் வேண்டியிருந்தது.

தோப்பில் கூலிக்கு மாங்காய் பொறுக்கும் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு வந்து குவளையை வாங்கினாள். மரத்தடியில் அதை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஏய், எழுந்துரு! குடிச்சிட்டுக் கெளம்பு!"

"கொதிக்குது சாமி. புள்ள மேல ஊத்திக்கவா? ஆறட்டும்" என்றாள். எழுந்திருக்கவில்லை. "உனுக்கென்ன, காலா நோவுது? எனுக்குத்தான நோவுது" என்று அவள் முணுமுணுத்ததைக் கேட்டு, பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அடுத்த சந்தைக்குள் அவன் எங்களை விட்டுவிட்டுக் கொட்டாங்கச்சிக்கு மாறிவிட்டான். அதற்குச் சூளை வேண்டாம், குயவன் வேண்டாம், குயவன் பெண்டாட்டியும் வேண்டாம். கீழே வைத்தால் தானாகவே உருண்டு கொட்டும். அன்று மரத்தடியில் உட்கார்ந்தவளே பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கொதிக்கும் டீயோடு வெயிலில் நின்றதைப் பார்த்தேன்.

என் புருஷன் அப்போதும் அந்தக் கடைக்குப் போவதை விடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளரில் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, "உன்னாலதான் வியாபாரம் போச்சு" என்று என்னைத் திட்டுவான்.