ராகு காலத்தில் ஒரு ரீஸ்டார்ட்

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு மேல் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யக் கூடாது என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது? தொண்ணூறுகளின் கடைசியில், காரைக்குடியில் நான் வேலை பார்த்த டி.டி.பி. கடையில் அதுதான் சட்டம்.

அன்று முதலாளி மகளின் கல்யாணப் பத்திரிகை. பன்னிரண்டு மணிக்குள் அதை ஏற்றிய பிளாப்பி அச்சாபீசுக்குப் போகாவிட்டால் அவர்கள் வேறு வேலையை ஏற்றிவிடுவார்கள். ஊர் அழைக்கப் பத்திரிகை இருக்காது. நான் காலையிலேயே முடித்துவிட்டேன். ஆனால் எந்தப் பிளாப்பியைப் போட்டாலும் ஆன்டிவைரஸ் மறித்தது. மதுரையிலிருந்து வந்து அதைப் போட்ட புண்ணியவான், பிளாப்பியைப் பூட்டிப் பாஸ்வேர்டும் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான். போன் அடித்தால் எடுக்கவில்லை.

வேறு வழியில்லாமல் ரெஜிஸ்ட்ரிக்குள் போனேன். விண்டோஸின் ஈரக்குலை அது. தப்பாகக் கை வைத்தால் மிஷினே எழுந்திருக்காது. பூட்டுக்கான இடத்தில் 1 இருந்தது; 1 என்றால் பூட்டு, 0 என்றால் திறப்பு. 0 ஆக்கினேன். முறையாக அணைத்துப் போட்டால், சனியன், மறுபடி 1! இரண்டு தடவை இதே கூத்து. மூன்றாம் தடவை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் கொடுக்கப் போனேன். முதலாளி மவுஸைப் பிடித்துக்கொண்டார்.

"ஆத்தா, ராகு காலம் வந்துருச்சு. ஓடுறது ஓடட்டும். புதுசா எதையும் ஆரம்பிக்காத. எம் மக கல்யாண வேலை."

"ரீஸ்டார்ட் பண்ணாம அது ஏத்துக்காதுண்ணே! அச்சாபீசுக்காரன் நமக்காகக் காத்துக்கிட்டா இருப்பான்? என்ன பேச்சு பேசுறீக?"

"கொஞ்சம் பொறு."

மாதாவே! எனக்கு ராகுவும் கிடையாது, கேதுவும் கிடையாது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பதினொன்றரை வாக்கில் கரண்டு போனது. பேட்டரி மாற்றுங்கள் என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்த யூ.பி.எஸ். ஒரு கத்துக் கத்திவிட்டு அடங்கியது. கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்து, மிஷின் தானாக எழுந்தது. ரெஜிஸ்ட்ரியைப் பார்த்தேன். 0. பிளாப்பி திறந்துகொண்டது.

அப்புறம்தான் புரிந்தது. முறையாக அணைக்கும்போதெல்லாம் அந்த ஆன்டிவைரஸ் தன் பழைய 1-ஐத் திரும்ப எழுதிவிட்டுத்தான் படுத்திருக்கிறது. வெடுக்கென்று கரண்டு போனதில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. நான் நினைத்தபடி ரீஸ்டார்ட் கொடுத்திருந்தால் அன்று பத்திரிகை போயிருக்காது.

இதை அந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது?

"ராகு காலத்துல மிஷின் ஆரம்பிச்சிருச்சே, பரவாயில்லையாண்ணே?" என்று குத்தலாகக் கேட்டேன்.

பிளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தவர் சொன்னார்: "நாமளா ஆரம்பிச்சோம்? கரண்டுதானே ஆரம்பிச்சுச்சு. அதான் பொறுன்னேன்."