லிஸ்பனுக்குச் சூலம் பார்த்த வாரம்

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த அந்த வாரத்தில் கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலத்துக்குக்கூட யாராலும் போக முடியவில்லை. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். கச்சிராயபாளையம் டவுன் பஸ் போன இடத்திலேயே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அப்படிப்பட்ட வாரத்தில்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாயைப் போட்டு, அதன்மேல் போர்ச்சுகல் மேப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள் என் தங்கை.

அவளும் அவள் வீட்டுக்காரரும் பாரிசிலிருந்து லீவில் வந்திருந்தார்கள். அவர் பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்களைப் பார்த்துவிட்டு மறுநாளே பாண்டிச்சேரி திரும்புவதாக இருந்தவர்கள் மறியலில் மாட்டிக்கொண்டார்கள். சும்மா எத்தனை நேரம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பது? அடுத்த கோடையில் காரில் போகப்போகிற பழைய ஊர்களுக்குத் திட்டம் போட ஆரம்பித்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. பூகோள டீச்சர் நான். இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்த கதையை வருஷா வருஷம் பெண் பிள்ளைகளுக்குத் தொண்டை வற்ற நடத்துகிறவள். லிஸ்பனில் ஆறு வளைந்து கடலில் சேருகிற இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சாக்பீசால் வரைந்துவிடுவேன். அவள் பூகோளத்தில் தட்டுத் தடுமாறிப் பாஸானவள். நான் பார்த்த தூர தேசமெல்லாம் கல்வராயன் மலை அருவியும் கோமுகி அணையும்தான். அதுவும் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிவிடாமல் கத்திக்கொண்டே பார்த்தது. எனக்குச் செவ்வாய் தோஷம் என்று ஜாதகம் ஜாதகமாகத் தட்டிப்போனதில் அவளுக்கு முதலில் கல்யாணமாகி, பாரிசும் கிடைத்தது. கொடுத்துவைத்தவள்.

"எவோரான்னு ஒரு ஊருங்க. ரோமாக்காரங்க கட்ன கோயிலு கீதாம் அங்க," என்று அவள் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினாள். நான் அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி கொஞ்சம் வேகமாகவே ஓடியது.

அப்போதுதான் அவள் சொன்னாள்: "கார்ல நாங்க ரெண்டு பேரு, கொழந்த. பின்னாடி இன்னும் ஒரு ஆளு தாராளமா குந்திக்கலாங்கா."

கத்தி நின்றது. அவரைக்காயை அப்படியே விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மேப்பின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு திட்டம் போட்டது நான்தான். எவோரா, லிஸ்பன், சிந்த்ரா, கோயிம்ப்ரா, போர்ட்டோ என்று வரிசைப்படுத்தினேன். எந்த ஊரில் எந்தக் கோட்டை, எந்த மலையில் எந்த அரண்மனை என்று நான் சொல்லச் சொல்ல தங்கை வீட்டுக்காரர் பேனாவால் வட்டம் போட்டார். நடுவில் அப்பா வந்து சேர்ந்தார். நைனார்பாளையத்து நிலத்துக்கு உரம் வாங்கப் போனாலும் தினசரி காலண்டரில் சூலம் பார்க்காமல் கிளம்பாதவர்.

"போர்ட்டோ இன்னா தெசை?"

"வடக்குப்பா."

"என்னிக்குப் போறீங்க?"

"புதங்கெழமைன்னு வச்சிருக்கோம் மாமா," என்றார் மாப்பிள்ளை.

"செவ்வா, புதன் வடக்கே சூலங்க. கொழந்தைய வச்சிக்கினு போவக் கூடாது."

"பால் குடிச்சிட்டுக் கெளம்பினா பரிகாரம்னு சொல்வாங்களே மாமா?"

"அது அவசரத்துக்குப் போறவனுக்குங்க. ஊர் சுத்தப் போறவனுக்கு இன்னா அவசரம்?"

போர்ச்சுகலுக்கு நம் ஊர்ச் சூலம் செல்லுமா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினேன். ஞாயிறு மேற்கே சூலம். அதனால் சனிக்கிழமையே ஸ்பெயினைத் தாண்டி எவோராவில் போய்த் தங்குவது. திங்கள் காலை லிஸ்பன், பகல் முழுக்க ஆற்றங்கரைக் கோட்டையும் மடாலயமும். செவ்வாயும் புதனும் சிந்த்ரா மலை. வியாழன் விடிந்ததும் வடக்கே கோயிம்ப்ரா, அப்புறம் போர்ட்டோ. அப்பாவே தலையாட்டினார்.

அந்தத் திங்கட்கிழமையை எனக்காகத்தான் போட்டேன். கோட்டைக்கு முன்னால் நின்று, கப்பல்கள் கிளம்பிய ஆற்றை என் கண்ணால் பார்க்க வேண்டும். காரில் இடது பக்க ஜன்னலா வலது பக்கமா என்பதுவரை யோசித்துவிட்டேன். அங்கே குளிருமாம். ஸ்வெட்டருக்கு எந்தப் புடவை பொருந்தும் என்று பீரோவைத் திறந்துகூடப் பார்த்தேன். ஊரே ரோட்டில் நின்று வாய்விட்டுத் தன் பங்கைக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை. அக்காவாக இருந்துகொண்டு தங்கையிடம் எப்படிக் கேட்பது? அவளே கூப்பிடட்டும் என்று மேப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மரங்களை இழுத்துப் போட்டு ரோட்டைத் திறந்த அன்று காலை, பெட்டியை மூடிக்கொண்டே அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஊரு ஊரா இன்னா பாக்கணும்னு எங்க மாமியாருக்குப் புரியறாப்புல தமிழ்ல எழுதிக் குடேன். நீ டீச்சராச்சே. அவங்களையும் இட்டுக்கினு போறோம்."

எழுதிக் கொடுத்தேன். நல்ல கையெழுத்தில்தான் எழுதினேன். பல்லைக் கடித்ததில் தாடைதான் வலித்தது. பஸ் கண்ணைவிட்டு மறைந்த பிறகு அப்பா, "கையோட ஒன்னையும் ஒருக்கா கூப்ட்டிருக்கலாம் அவ," என்றார். அவர்மேலும் எரிந்து விழுந்தேன்.

அடுத்த லீவுக்கு ஆல்பத்தோடு வந்தாள். எவோரா கோயில் தூண்கள் இருந்தன. சிந்த்ரா மூடுபனி இருந்தது. "நம்ம கல்வராயன் மல மாதிரியே கீதுக்கா," என்றாள். போர்ட்டோ இரும்புப் பாலமும் இருந்தது. நான் தேடியது இல்லை.

"லிஸ்பன் கோட்டைக்குள்ள எடுத்தது எங்கடி?"

"அத்த ஏங்கா கேக்குற. திங்கக்கெழம அங்க கோட்ட, மியூசியம் எல்லாம் லீவாம். கதவு சாத்திக் கெடந்துச்சு."

அப்பா பதறிப்போனார். "சூலம் சரியாத்தான பாத்தோம்?"

"சூலம்லாம் சரியாத்தாம்பா இருந்துச்சு. ஒரு டயருகூட பஞ்சர் ஆவல."

எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அவளும் பார்க்கவில்லை. நல்லா வேணும். இதில் எனக்கு வெட்கமே இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன்.

சாத்திய கோட்டைக்கு வெளியே குழந்தையோடு அவள் நிற்கும் போட்டோ. ஓரத்தில் கார். பின்சீட்டு ஜன்னலில் தலை சாய்ந்த ஓர் உருவம்.

"இது யாரு, ஒன் மாமியாரா? எறங்கலையா?"

"முட்டி வலின்னு எந்த ஊர்லயும் எறங்கவே மாட்டேன்ட்டாங்கக்கா. கார்லயே தூங்கிக்கினு வந்தாங்க."

போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். காரை ஒட்டி ஆறு தெரிந்தது. நான் கரும்பலகையில் வரைகிற அதே வளைவு. அது அந்த மாமியார் பக்கத்து ஜன்னலுக்கு நேராக இருந்தது. அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.