மூன்றாவது ஒயர்

எழுபதுகளில் எருத்தேன்பதிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு மாவாட்டும் கிரைண்டர் வந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. சமையலறையில் இடம் போதாமல் பின்பக்கத்து விறகுச் சாய்ப்பில் வைத்தோம். அங்கே இருந்ததோ இரண்டே துளையுள்ள பழைய பிளக் பாயிண்ட். கிரைண்டருக்கு மூன்று கால் பிளக். அப்பா பிளக்கையே வெட்டி எறிந்தார். மூன்றாவது ஒயரை மடக்கிக் கட்டிவிட்டு, மற்ற இரண்டையும் தீக்குச்சி வைத்துத் துளைகளில் செருகினார். கிரைண்டர் சுற்றியது. அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மறுநாளே அம்மா சொன்னாள். “ஏனுங்க, தொட்டாச் சுருக்குன்னு இழுக்குதுங்க.”

அப்பா தொட்டுப் பார்த்தார். “எனக்கொண்ணும் இல்லையே? அம்முணி, நீ தொடு.”

தொட்டேன். “ஒண்ணுமே இல்லீங்கப்பா” என்று பெரிய நீதிபதியாட்டம் தீர்ப்பும் சொன்னேன். எனக்கும் அப்பாவுக்கும் காலில் ரப்பர் செருப்பு இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வெறுங்காலில், ஈரத்தோடு வருபவள். அந்த வித்தியாசம் மூவருக்குமே உறைக்கவில்லை. “பயந்தாங்கொள்ளி” என்று அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். அப்புறம் அம்மா வாயே திறக்கவில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மாவு வழித்தாள். நாங்கள் மாதக்கணக்கில் இட்லி தின்றோம்.

கார்த்திகையில் அப்பா சபரிமலைக்கு மாலை போட்டார். செருப்பு மூலைக்குப் போனது. அம்மாவுக்குக்கூட அவர் சாமிதான். ஒரு காலையில் குளித்த ஈரத்தோடு சாய்ப்புக்குள் வந்தவர், ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் மேல் கை வைத்தார். அவ்வளவுதான், விறகுக் குவியலில் போய் விழுந்தார்.

“ஐயோ, சாமீ!” அம்மா ஓடிப்போய் மெயினை அணைத்தாள். நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

அப்பா எழுந்து உட்கார்ந்து அம்மாவின் காலையே பார்த்தார். “இத்தன நாளும் இப்பிடியா அடிச்சுது?”

“இவ்வளவு இல்லீங்க சாமி. கொஞ்சங் கொஞ்சமா.”

அன்றே பக்கத்து ஊரான சித்தூரிலிருந்து ஒயர்மேன் வந்தார். “மூணு துளைப் பாயிண்ட் மாத்துனா மட்டும் பத்தாதுங்க, எர்த் வேணும்” என்றார். சாய்ப்புக்கு வெளியே குழி வெட்டி, இரும்புக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு நிரப்பித் தண்ணீர் ஊற்றினார். மடக்கிக் கிடந்த மூன்றாவது ஒயரைப் பிரித்து, புதுப் பிளக்கும் பாயிண்டும் வழியாக அந்தக் குழாயோடு சேர்த்தார். மோட்டாருக்குள் தோலுரிந்திருந்த ஒயரையும் மாற்றினார். எல்லாம் சோதித்துவிட்டு, “இப்பத் தொடுங்கக்கா” என்றார்.

அம்மா வெறுங்காலோடு தொட்டாள். ஒன்றும் அடிக்கவில்லை. சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி விம்மி விம்மி அழுதாள். அப்பா தலை நிமிரவே இல்லை.

நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “அழுவாதீங்கம்மா, அப்பாவுக்கு வலி போயிருச்சு” என்று ஆறுதல் சொன்னேன்.