முந்நூற்றுப் பதினேழுக்கு முன்னால் ஒரு பூச்சியம்

எங்கள் தோட்டத்தில் எல்லாருடைய ஃபோனுக்கும் பூட்டு இருந்தது. எல்லாருடைய பூட்டையும் எல்லாராலும் திறக்கவும் முடிந்தது. தோட்டத்தில் பேர் பதிந்த அன்றைக்கே ஒவ்வொருவருக்கும் சம்பளப் பதிவேட்டில் ஒரு செக்ரோல் நம்பர் வந்துவிடும். காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது அந்த நம்பரைத்தான் கூப்பிடுவார்கள். கொழுந்து நிறுக்கும்போதும் அதைத்தான் கூவுவார்கள். பெற்ற பிள்ளையின் பிறந்த தேதியில் தடுமாறுகிறவர்கள்கூட இந்த நம்பரில் தடுமாறியதில்லை. அதனால் ஃபோன் நான்கு இலக்கம் கேட்டபோது நாங்கள் யோசிக்கவே இல்லை. என் நம்பர் முந்நூற்றுப் பதினேழு. ஒரு இலக்கம் குறைகிறதே என்று முன்னால் ஒரு பூச்சியம் போட்டேன். பெரிய மூளைக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பிறகு பார்த்தால் கொழுந்துக் கூட்டத்தில் அத்தனை பேரும் அதே மூளைக்காரிகள்.

இதனால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. நான் பீலித் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருப்பேன். ஒரே சுவர் தள்ளி அடுத்த அறையில் குடியிருக்கும் பக்கத்துக் காம்பராக்காரி என் ஃபோனைத் திறந்து, கொழும்பிலிருந்து வந்த படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒங்க தம்பி ரொம்ப எளைச்சுட்டாரு" என்று பீலிக்கே வந்து சொல்லிவிட்டுப் போவாள். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லாதவரை அது வசதியாகத்தான் இருந்தது.

பிறகு மறைக்க ஒன்று வந்தது. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். அந்த வேலைக்கு ஓ.எல். பரீட்சையில் கணக்கில் சித்தியடைந்திருக்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கணக்கில் கோட்டை விட்டவள். முப்பத்தாறு வயதில் மூன்றாவது முறை எழுதத் துணிந்தேன். மகளின் வகுப்புக் கூட்டத்துக்குப் போன இடத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த கணக்கு டீச்சரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் ஃபோனில் குரல் செய்தியாகவே பாடம் நடத்தச் சம்மதித்தார். பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, பின்னக் கணக்குகளை ஃபோனுக்குள் சொல்லுவேன். யாரோடு பேசுகிறாய் என்று கேட்டால் மதினியோடு என்பேன்.

வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் இவ்வளவு ஒளிவு என்றால், எல்லாம் என் வாயால்தான். தோட்டத்தில் நான் கேலி செய்யாத ஆள் இல்லை. அதிகம் மாட்டியவள் அதே பக்கத்துக் காம்பராக்காரிதான். ராகலையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியவள் தலவாக்கலையில் பஸ் மாறி ஏறி, நன்றாகத் தூங்கி, நேர் எதிர்ப்பக்கமாகக் கினிகத்தேனையில் போய் இறங்கினாள். அதை நான் ஒரு வருடம் பெரட்டுக் களத்தில் நடித்தே காட்டினேன். அப்படிப்பட்ட நான் மூன்றாவது முறையும் தோற்றுப்போனால் என்னை விட்டுவைப்பார்களா? விஷயம் வெளியே தெரிந்தால் பரீட்சையே எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த நாள் காலையிலிருந்தே தூறல். ஃபோனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தேன். மத்தியான நிறுவைக்கு வந்து வரிசையில் நின்றபோது இடுப்பைத் தடவினேன். காணவில்லை. ஏழாம் நம்பர் மலையில் எந்தச் செடி நிரையில் விழுந்ததோ! ஃபோன் போனால் போகட்டும், அதற்குள் என் குரலில் நாற்பது ஐம்பது கணக்கு இருந்தது. தப்பாகச் சொல்லி மூக்கைச் சிந்திய கணக்குகளும் அதில் அடக்கம். அந்த நேரம் பார்த்துக் கணக்கப்பிள்ளை தொண்டை கிழிய "முந்நூத்திப் பதினேழு!" என்று கூவினார். அந்த மனிதரின் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் பக்கத்துக் காம்பராக்காரி ஃபோனோடு வந்து நின்றாள்.

"கெடைச்சிருச்சுக்கா. நம்ம எல்லார்ட்டயும் ஒரே கடையில வாங்குன ஒரே கறுப்பு ஃபோனுதான இருக்கு, யாருதுன்னு தெரியல. அதான் ஒவ்வொரு ஆளு நம்பராப் போட்டுப் பாத்தேன். அஞ்சு தடவ தப்பானா அரை நிமிசம் நிக்கச் சொல்லுது. நின்னு போட்டேன். எட்டாவதா ஒங்க நம்பருக்குத் தொறந்துச்சு."

இதைவிட நேர்மையாக யாரும் ஒரு பூட்டை உடைத்திருக்க மாட்டார்கள். நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். டீச்சர் காலையில் அனுப்பிய குரல் செய்தியை நான் இன்னும் கேட்டிருக்கவில்லை. ஃபோனோ அதைக் கேட்டாகிவிட்டது என்று காட்டியது. அவள் கேட்டுவிட்டாள்.

டீச்சரிடம் புலம்பினேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு அதட்டினார். "ஊர் முழுக்கக் கூப்பிடுற நம்பரைப் போட்டால் அதுக்குப் பேர் பூட்டோ? ஆறு இலக்கம் போடுங்கோ. பிறந்த தேதியும் வேண்டாம். பூட்டியிருக்கேக்கை செய்தி வெளியில தெரியாமல் நிப்பாட்டுங்கோ. சிம்முக்கும் தனிப் பூட்டு இருக்கு, அதையும் போடுங்கோ." சொன்னபடி எல்லாம் செய்தேன். குதிரை ஓடியபிறகு லாயத்தைப் பூட்டுகிறேன் என்பது தெரிந்துதான் செய்தேன்.

அடுத்த ஒரு வாரம் பெரட்டுக் களத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. யாரையும் சீண்டவில்லை. கங்காணி பயந்துபோய், "காய்ச்சலா? டிஸ்பென்சரிக்குப் போறியா?" என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன். பக்கத்துக் காம்பராக்காரி மட்டும் வழக்கம்போல என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை என்னால் தாங்க முடியவில்லை. "நான் பரீட்சை எழுதல டீச்சர், மன்னிச்சுக்கங்க" என்று எழுதினேன். எழுதினேனே தவிர அனுப்பக் கை வரவில்லை. அப்படியே விட்டுவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தன் ஃபோனை எடுத்துக்கொண்டு என் காம்பராவுக்கு வந்தாள்.

"அக்கா, ஒங்க ஃபோனுக்குப் புதுப் பூட்டுப் போட்டுட்டீங்களாமே. எனக்கும் அப்படி ஒண்ணு போட்டுத் தாங்க."

"ஒனக்கு எதுக்கு புள்ள பூட்டு?"

அவள் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "ஒங்க ஃபோனுல கணக்குச் சொன்ன அந்த டீச்சரம்மாவ பஸ் ஸ்டாண்டுல பாத்துக் கேட்டேங்கா. என்னையும் சேத்துக்கிட்டாங்க. நானும் கணக்குல ஃபெயிலாப் போனவதான்."

நான் முதலில் கேட்டது என் பயத்தைத்தான். "நீ என் சங்கதிய யார்ட்டயாவது சொன்னியா?"

"ஐயோ, நான் ஏங்க்கா சொல்றேன்? படிக்கிறது நல்ல காரியந்தான?"

"அப்ப நீ மட்டும் ஏன் ஒளிக்கிற? யாருக்குப் பயம்?"

அவள் சிரித்தாள். பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள்: "ஒங்களுக்குத்தாங்க்கா. என் ஃபோனு ஒங்க கையில கெடைச்சிருந்தா இந்நேரம் பெரட்டுல நடிச்சே காட்டியிருப்பீங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்ல முடியவில்லை. எட்டு வருடமாக ஒரே சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிறாள். என் கேலிக்கெல்லாம் எல்லாரோடும் சேர்ந்து அவளும் சிரித்திருக்கிறாள். அது அவளுக்கு வலித்திருக்கும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அவளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அவள் ஃபோனை வாங்கி, பூட்டை மாற்றும் இடம்வரை கொண்டுபோய், ஆறு கட்டமும் காலியாக இருக்கும்போது அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"யாருக்கும் தெரியாத நம்பராப் போடு" என்றேன்.

அவள் விரலை வைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதற்கென்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். நின்றபடியே என் ஃபோனை எடுத்து, டீச்சருக்கு அனுப்பாமல் வைத்திருந்ததை அழித்தேன். "இப்பத் திரும்புங்க்கா" என்று அவள் சொல்லும்வரை நான் திரும்பவில்லை.