எங்கள் வீட்டிலிருந்து போன இரண்டு மனுக்கள்

போன வருடம், மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, காரைக்காலில் எங்கள் தெருவில் நடந்தது இது. பெயருக்குத்தான் அது குடியிருப்புத் தெரு. குறுக்கு வழி என்பதால் கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் நாள் முழுக்க அதில் ஓடும். எதிர்ச் சந்து வந்து சேருகிற இடத்தில் சிக்னல் விளக்கு வைக்கப்போவதாகவும், கருத்து இருந்தால் எழுதித் தரலாம் என்றும் நகராட்சியில் அறிவிப்பு ஒட்டினார்கள். எனக்குக் கருத்து இருந்தது. நிறையவே இருந்தது.

விளக்குக் கம்பம் நடப்போகும் இடத்திலிருந்து என் வீடு இரண்டாவது. சிவப்பு விழுந்தால் நிலக்கரி லாரிகள் என் வாசலில்தான் வரிசை கட்டும். ஹாரன் சத்தம், புகை, காய்கிற வேட்டியில் கரித்தூள், காரை வெளியே எடுக்க வழியில்லாத தொல்லை எல்லாம் எனக்குத்தான். இந்த விளக்கை எந்தப் புண்ணியவான் கேட்டான் என்று தெரு முழுக்கத் திட்டிக்கொண்டு திரிந்தேன்.

பதினெட்டு வருடம் சபுராளியாக இருந்தவன் நான். வெளிநாட்டில் சம்பாதிக்கப் போனவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஊர் திரும்பிய கையோடு தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராகிவிட்டேன். ஒரு வேலையை எடுத்தால் முடிக்காமல் விடமாட்டேன் என்று எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியவனும் நானே.

வீட்டுக்கு ஒரு பெயர் என்று எதிர்ப்பு மனு தயாரித்தேன். தெருவில் பாதி வீடு சபுராளி வீடு. அந்த வீடுகளில் எந்தச் சம்மதம் வேண்டுமென்றாலும் குவைத்துக்கோ துபாய்க்கோதான் கேட்போம், அதுதான் எங்கள் வழக்கம். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினால், "நீங்க சொன்னா சரிதான் நானா, எம் பேரப் போட்டுக்குங்க" என்று பதில் வந்துவிடும்; அண்ணனை நாங்கள் நானா என்போம். நானும் அங்கே இருந்தபோது அப்படித்தான். எங்கள் வீட்டு கேட் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதைக்கூட அங்கிருந்தே தீர்மானித்தேன். இன்றுவரை அது தண்ணீர்க் குழாயில் இடிக்கிறது.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒருத்தி, புருஷன் குவைத்தில், இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒருநாள் வாசலில் என்னை நிறுத்தி, "நானா, அந்த லைட்டு விஷயமா ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"உங்க வூட்டுக்காரர்ட்ட பேசிட்டேம்மா, நீங்க கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

விசாரணை நாள் வந்தது. நகராட்சிக் கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பின்னால் எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வேறு ஏதோ சான்றிதழுக்கு வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதிகாரி என் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, "விளக்கு வேணும்னு முதல்ல வந்த மனு ஒண்ணு இருக்கு. அத வாசிச்சிட்டு உங்களுதுக்கு வருவோம்" என்றார். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. என் தொண்டைக்குத்தான் பஞ்சமே இல்லையே, நானே வாசிக்கிறேன் என்று வாங்கினேன்.

முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். வெளிநாடு போன முதல் ஏழெட்டு வருடம் மாதாமாதம் கடிதமாக என்னைத் தேடி வந்த கையெழுத்து அது. என் மனைவியுடையது.

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வாசிக்காமல் எப்படி விடுவது? பள்ளிக்கூட வேன் எதிர்ப்பக்கம்தான் நிற்கிறது, பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே தினமும் கடக்கிறோம் என்று எழுதியிருந்தாள். அடுத்த வரி: 'படுக்கையில் இருக்கும் என் உம்மாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது நான் நடுத்தெருவில் விழுந்துவிட்டேன். லாரிக்காரர் பிரேக் பிடித்ததால் உயிரோடு இருக்கிறேன்.'

இரண்டு மாதத்துக்கு முன்பு அவள் முழங்காலில் கட்டுப் போட்டிருந்தாள். குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். நானும் நம்பி, தரையில் போட ரப்பர் விரிப்பு வாங்கி வந்தேன்.

கீழே கையெழுத்துகள். கதவு எண்களோடு அவற்றையும் வாசித்தேன். என் பட்டியலில் இருந்த அதே கதவு எண்கள்.

அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒரே வீட்லேருந்து ரெண்டு கருத்தா இருக்கே. எத எடுத்துக்கிறது?" என்றார்.

பின்வரிசையிலிருந்து பக்கத்து வீட்டுத் தங்கச்சி எழுந்தாள். நிறுத்தாமல் சொன்னாள். "எங்க வூட்டுக்காரவங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ வர்றாங்க சார். நான் தெனம் நாலு தடவ இந்தத் தெருவக் கடக்குறேன்."

பேனாவை வாங்கி என் பட்டியலில் என் பெயரை அடித்தேன். மற்றவர்கள் பெயரை அடிக்க எனக்கு உரிமை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று சாயங்காலமே குவைத்திலிருந்து குரல் பதிவு வந்தது. "நானா, என் பேரயும் அடிச்சிடுங்க. வூட்ல சொல்லிட்டாங்க."

அது பிறகு. கூடத்திலிருந்து நேராக, எதிர்ச் சந்தில் இருக்கும் என் மாமியார் வீட்டுக்குத்தான் போனேன்; உம்மாவுக்கு என் மனைவி சோறு ஊட்டுகிற நேரம் அது. ஸ்கூட்டரை என் வாசலில் விட்டுவிட்டு, நடந்து கடக்கலாம் என்று தெருவோரம் நின்றேன். ஊர் திரும்பிய பிறகு அந்த இடத்தை நான் கால்நடையாகக் கடந்ததே இல்லை. ஒரு லாரி போனது, பின்னாலேயே ஒரு பேருந்து, அதை முந்திக்கொண்டு இன்னொரு லாரி. இரண்டு முறை காலை வைத்துவிட்டுப் பின்வாங்கினேன். மூன்றாம் முறை ஓடினேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் வெறுங்கையோடு வந்தவன். அவள் கையில் சோற்றுத் தூக்கு இருக்கும்.

உம்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எல்லாம் தெரிந்துவிட்டது என்று என் முகத்திலேயே புரிந்திருக்கும்.

"விழுந்ததச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொன்னா என்னய வெளியவே விடமாட்டீங்க. அப்புறம் உம்மாவுக்கு யாரு ஊட்டுறது?" என்று கேட்டுவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தாள். அவள் சொன்னது சரி. நான் அதைத்தான் செய்திருப்பேன்.

சிக்னல் வந்துவிட்டது. நான் சொன்னபடியே லாரிகள் என் வாசலில் நிற்கின்றன, வேட்டியில் கரித்தூளும் விழுகிறது. அதில் நான் சொன்னது எதுவும் பொய்யாகவில்லை. ஆனால் பகலில் அவள் தூக்கை எடுத்துக்கொண்டு, நிற்கிற லாரிக்கு முன்னால் நிதானமாக நடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம், கடல் தாண்டி இருப்பவர்களிடம் கேட்கத் தெரிந்த எனக்குப் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கம் என்னை விட்டுப் போகாமல் இருப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.